கம்ப்யூட்டரை ஆஃப் செய்தது யார்? கரண்ட் கட்டா, ஆள் வேலையா? 'ஈவென்ட் வியூவர்' பார்ப்பது எப்படி... பதிவு தானாக அழியாமல் காப்பது எப்படி? முழு விவரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பில், ஜிஎஸ்டி, பேங்க் என எல்லாமே அதில்தான். சனிக்கிழமை சாயங்காலம் பேக்கப் ஓடவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் சிஸ்டம் ஆஃப் ஆகிக் கிடக்கிறது. பேக்கப் பாதியில் நிற்கிறது.

"யாருப்பா சிஸ்டத்தை ஆஃப் பண்ணது?" என்று முதலாளி கேட்கிறார். "நான் தொடவே இல்ல சார்" என்கிறார் அக்கவுன்டன்ட். "கரண்ட் போயிருக்கும்ணே" என்கிறார் சூப்பர்வைசர். "வைரஸா இருக்கும் சார், ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்கிறார் சர்வீஸுக்கு வந்த பையன்.

மூன்று பேரில் யார் சொல்வது சரி? பதில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஃபார்மேட் அடித்தால் அந்தப் பதிலும் சேர்ந்து போய்விடும். ஃபார்மேட் அடிக்காமல் விட்டாலும், பல கம்ப்யூட்டர்களில் சில வாரங்களில் அது தானாகவே அழிந்துவிடும். அதைப் படிப்பது எப்படி, காப்பாற்றி வைப்பது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

ஈவென்ட் லாக் என்றால் என்ன?

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையில் ஒரு நோட்டு இருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பார். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் அதே மாதிரி ஒரு நோட்டுதான் 'ஈவென்ட் லாக்'. சிஸ்டம் ஆன் ஆனது, ஆஃப் ஆனது, யார் லாகின் செய்தது, எந்த சாஃப்ட்வேர் கிராஷ் ஆனது, ஹார்டுடிஸ்க்கில் எப்போது பிரச்னை வந்தது என எல்லாமே தேதி, நேரத்துடன் பதிவாகும்.

இது புதிய விஷயம் இல்லை. 1993-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் என்டி காலத்தில் இருந்தே இருக்கிறது. இந்தப் பதிவுகளைத் திறந்து படிக்க உதவும் புரோகிராமின் பெயர் 'ஈவென்ட் வியூவர்'. தனியாக வாங்கவோ, இன்ஸ்டால் செய்யவோ தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

* ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' இருக்கும்.
* திறந்ததும் இடது பக்கத்தில் 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதை விரியுங்கள்.
* அதில் அப்ளிகேஷன், செக்யூரிட்டி, செட்டப், சிஸ்டம், ஃபார்வர்டட் ஈவென்ட்ஸ் என்று ஐந்து பிரிவுகள் தெரியும்.

சாதாரணமாக நமக்கு மூன்று போதும். சாஃப்ட்வேர் பிரச்னைக்கு 'அப்ளிகேஷன்'. கரண்ட், ஹார்டுடிஸ்க், டிரைவர், விண்டோஸ் அப்டேட் சம்பந்தப்பட்டவைக்கு 'சிஸ்டம்'. யார் உள்ளே வந்தார்கள் என்பதற்கு 'செக்யூரிட்டி'. செக்யூரிட்டியைத் திறக்க மட்டும் அட்மின் அனுமதி வேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் உண்டு. அதுதான் 'ஈவென்ட் ஐடி'. ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரோல் செய்து தேட வேண்டாம். வலது பக்கத்தில் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதைத் தட்டி, எண் கேட்கும் கட்டத்தில் வேண்டிய ஈவென்ட் ஐடிகளை கமா போட்டு டைப் செய்தால் அவை மட்டும் வரும். ஆக, எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதுவே குழப்பமாக இருக்கிறது என்பவர்கள், ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். எந்தத் தேதியில் என்ன கிராஷ் ஆனது, என்ன இன்ஸ்டால் ஆனது என்று நாள்வாரியாகப் படமாகவே காட்டும்.

சிவப்புக் குறி நிறைய இருக்கிறதே... வைரஸா?

இல்லை. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதன்முறை ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்களுக்கு பகீர் என்று இருக்கும். சிவப்புக் குறி, மஞ்சள் முக்கோணம் என வரிசையாக நிற்கும். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இவை இருப்பது சகஜம். உதாரணத்துக்கு, 10016 என்ற எண்ணில் 'டிஸ்ட்ரிப்யூட்டட்காம்' என்று ஒரு பதிவு பல கம்ப்யூட்டர்களில் அடிக்கடி வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

இந்த பயத்தை வைத்துத்தான் ஒரு மோசடி நடக்கிறது. "மைக்ரோசாஃப்ட்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று போன் வரும். நம்மையே ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்புக் குறிகளைக் காட்டி, "பார்த்தீர்களா, எத்தனை வைரஸ்" என்பார்கள். அடுத்து, ரிமோட் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, கம்ப்யூட்டரை அவர்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. டெக் சப்போர்ட் என்று சொல்லி வெளிநாட்டினரை ஏமாற்றிய கால் சென்டர்கள் மீது மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம். அமெரிக்கா, கனடாவில் பிள்ளைகளுடன் இருக்கும் பெரியவர்களுக்கும் இந்த மாதிரி போன் வரலாம். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாம் கேட்காமல் மைக்ரோசாஃப்ட் யாருக்கும் போன் செய்து ரிப்பேர் செய்து தருவதில்லை.

கரண்ட் கட்டா? ஆள் ஆஃப் பண்ணாரா? கண்டுபிடிப்பது எப்படி?

இப்போது பட்டறைக்கு வருவோம். 'சிஸ்டம்' பிரிவில் ஃபில்டரைத் திறந்து 41, 1074, 6005, 6006, 6008 ஆகிய எண்களைப் போடுங்கள். இவற்றின் அர்த்தம் இதுதான்:

* 1074: ஒரு ஆளோ, ஒரு புரோகிராமோ முறைப்படி ஷட்டவுன் அல்லது ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. எந்த யூசர் பெயரில், எந்த புரோகிராம் மூலம் என்பதும் இருக்கும். விண்டோஸ் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் இங்கே தெரியும். அப்போது ஆள் பெயருக்குப் பதில் 'சிஸ்டம்' என்று வரும்.
* 6006: லாக் எழுதும் சர்வீஸ் ஒழுங்காக நிறுத்தப்பட்டது. அதாவது சரியான ஷட்டவுன்.
* 6005: லாக் எழுதும் சர்வீஸ் மறுபடி தொடங்கியது. அதாவது சிஸ்டம் ஆன் ஆனது.
* 6008: இதற்கு முந்தைய ஷட்டவுன் எதிர்பாராமல் நடந்தது.
* 41: 'கெர்னல் பவர்' என்ற பெயரில் வரும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே பலரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. 41 என்ற பதிவில் இருக்கும் நேரம், சிஸ்டம் நின்றுபோன நேரம் இல்லை. மறுபடி ஆன் செய்த நேரம். கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரால் எதையும் எழுத முடியாது அல்லவா? அடுத்த முறை உயிர் வந்த பிறகுதான் "போன தடவை ஒழுங்காக நிற்கவில்லை" என்று எழுதுகிறது. அதனால் 41-ன் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை காலை 9.10-க்கு யார் ரூமில் இருந்தது?" என்று கேட்டால், கதவைத் திறந்து சிஸ்டத்தை ஆன் செய்த அப்பாவி மாட்டிக்கொள்வார்.

நின்றுபோன நேரம் வேண்டும் என்றால் 6008-ஐத் திறந்து உள்ளே இருக்கும் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். முந்தைய ஷட்டவுன் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நடந்தது என்று அதில் எழுதியிருக்கும். அது ஞாயிறு அதிகாலை 2.40 என்று காட்டினால், அந்த நேரத்தில் பூட்டிய ரூமுக்குள் யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பக்கத்து யூனிட்டில் "ராத்திரி கரண்ட் போச்சா?" என்று கேட்டால் விஷயம் முடிந்தது. மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

41-ஐத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்தையும் பாருங்கள். 'பக்செக் கோட்' என்ற இடத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், நீலத் திரை வந்து சிஸ்டம் விழுந்திருக்கிறது. 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்ற இடத்தில் எண் இருந்தால், யாரோ பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து ஆஃப் செய்திருக்கலாம். இரண்டுமே பூஜ்யம் என்றால் கரண்ட் போயிருக்கலாம், எஸ்எம்பிஎஸ் அல்லது யுபிஎஸ் காலை வாரியிருக்கலாம், சிஸ்டம் அப்படியே உறைந்தும் போயிருக்கலாம். அடிக்கடி இப்படி வந்தால் முதலில் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

இன்னொரு குறிப்பு. விண்டோஸ் 10, 11-ல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' ஆன் ஆகி இருந்தால், தினமும் ஷட்டவுன் செய்தாலும் சிஸ்டம் முழுதாக நிற்பதில்லை. ஒரு வகையான ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது. அதனால் 6005, 6006 தினமும் இல்லையே என்று குழம்ப வேண்டாம். 1074-ஐப் பாருங்கள்.

நீலத் திரை வந்தால்?

2024 ஜூலை 19 யாருக்கும் மறந்திருக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க நீலத் திரை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம்மூர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

நீலத் திரை வந்து மீண்ட கம்ப்யூட்டரில், 'சிஸ்டம்' பிரிவில் 'பக்செக்' என்ற பெயரில் 1001 என்று ஒரு பதிவு இருக்கும். திரையில் கண நேரம் வந்து மறைந்த அந்தக் கோட் எண் இதில் இருக்கும். சர்வீஸ் ஆளிடம் "நீலமா என்னமோ வந்துச்சு" என்று சொல்வதைவிட, இந்த எண்ணைப் போட்டோ எடுத்துக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஹார்டுடிஸ்க் முன்கூட்டியே சொல்லும்

'சிஸ்டம்' பிரிவில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7, 11, 51, 153 ஆகிய எண்களோ, 'என்டிஎஃப்எஸ்' என்ற பெயரில் 55-ஓ திரும்பத் திரும்ப வந்தால் அலட்சியம் வேண்டாம். 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் இருக்கிறது. 55 என்றால் ஃபைல் அமைப்பே சிதைந்திருக்கிறது. சில நேரம் கேபிள் லூஸாக இருந்தாலும் இவற்றில் சில வரும். ஆனால் கேபிளைச் சரிபார்ப்பதற்கு முன்னால் முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி எடுப்பது.

யார் உள்ளே வந்தது?

'செக்யூரிட்டி' பிரிவுக்குப் போங்கள்.

* 4624: லாகின் வெற்றி.
* 4625: லாகின் தோல்வி. பாஸ்வேர்டு தவறு.
* 4720: புதிதாக ஒரு யூசர் உருவாக்கப்பட்டார்.
* 4732: ஒரு யூசர் ஏதோ ஒரு குழுவில் சேர்க்கப்பட்டார். அது அட்மின் குழுவா என்று பாருங்கள்.

4624 நூற்றுக்கணக்கில் வரும். பயப்பட வேண்டாம். விண்டோஸின் உள்வேலைகளும் இதே எண்ணில் பதிவாகும். உள்ளே 'லாகான் டைப்' என்ற இடத்தைப் பாருங்கள். 5 என்றால் சிஸ்டத்தின் சொந்த வேலை, விட்டுவிடலாம். 2 என்றால் ஒருவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து லாகின் செய்திருக்கிறார். 7 என்றால் லாக் ஆன திரையைத் திறந்திருக்கிறார். 3 என்றால் நெட்வொர்க் வழியாக, அதாவது ஷேர் செய்த ஃபோல்டர் மாதிரி. 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். யாரும் ஆபீஸில் இல்லாத நேரத்தில் 10 வந்திருந்தால், அது உங்களுக்குத் தெரிந்த ஆள்தானா என்று கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் இருந்து வேலை பார்க்க வசதியாக இருக்கும் என்று சிலர் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு அப்படியே திறந்து விடுகிறார்கள். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் 4625 இடைவிடாமல் குவியும். உலகின் எங்கிருந்தோ யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றி முயற்சி செய்துகொண்டிருப்பார்கள். ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று.

சில கம்ப்யூட்டர்களில் தோல்வி முயற்சிகள் தானாகப் பதிவாகாது. விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யில், 'ஆடிட் பாலிசி' என்ற இடத்தில், லாகான் நிகழ்வுகளுக்கு வெற்றி, தோல்வி இரண்டையும் டிக் செய்து வையுங்கள்.

'சிஸ்டம்' பிரிவில் 7045 என்ற எண்ணையும் பாருங்கள். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சர்வீஸ் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பிரிண்டர் டிரைவர் போட்டாலும் வரலாம், ஹேக்கர் புரோகிராம் போட்டாலும் வரலாம். பெயர் தெரியாததாக இருந்தால் விசாரியுங்கள்.

லாக் சொல்லாத விஷயங்கள்

"என் ஃபைலை யார் டெலீட் பண்ணது?" இதற்கு ஈவென்ட் லாக்கில் பதில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண செட்டிங்கில் இருக்காது. எந்த ஃபோல்டரைக் கண்காணிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஆடிட் ஆன் செய்து வைத்திருந்தால் மட்டுமே ஃபைல் டெலீட் பதிவாகும். சம்பவம் நடந்த பிறகு ஆன் செய்து பலன் இல்லை.

"டேலியில் பில் தொகையை மாற்றியது யார்?" இதுவும் விண்டோஸ் லாக்கில் வராது. அதற்கு அக்கவுன்டிங் சாஃப்ட்வேருக்குள் தனிப் பதிவு உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்யும், நிறுத்தி வைக்க முடியாத 'ஆடிட் டிரெயில்' இருக்க வேண்டும் என்பது விதி. டேலியில் இதன் பெயர் 'எடிட் லாக்'.

எனிடெஸ்க் மாதிரி ரிமோட் ஆப் வழியாக ஒருவர் உள்ளே வந்தால், அது லாகான் டைப் 10 என்று வராது. அந்த ஆப் தனக்கென்று வைத்திருக்கும் லாக் ஃபைலில் பார்க்க வேண்டும்.

20 எம்.பி... அவ்வளவுதான்!

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி.

அப்ளிகேஷன், செக்யூரிட்டி, சிஸ்டம் ஆகிய ஒவ்வொரு லாக்குக்கும் விண்டோஸ் வழக்கமாக ஒதுக்கும் இடம் வெறும் 20 எம்.பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அளவு. அது நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்படும். வாட்ச்மேன் நோட்டு தீர்ந்ததும், முதல் பக்கத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுகிற மாதிரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில், மறுபடி ஆன் செய்ததும் 41, 6008 இரண்டும் பதிவாகியிருக்கும். இன்று போய்த் தேடினால் பெரும்பாலும் இருக்காது. ஒரு மின்தடைப் பதிவு போனால் நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் யாரோ நுழைந்து, இன்றுதான் நமக்குத் தெரிய வருகிறது என்றால்? நுழைந்த நாளின் பக்கமே நோட்டில் இருக்காது.

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். 'செக்யூரிட்டி'யைத் திறந்து, பட்டியலின் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே இருக்கும் தேதிதான் உங்களிடம் உள்ள மிகப் பழைய பதிவு.

பெரிதாக்குவது எப்படி?

* 'செக்யூரிட்டி' மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' போங்கள்.
* 'மேக்ஸிமம் லாக் சைஸ்' என்ற இடத்தில் 20480 என்று இருக்கும். இது கே.பி கணக்கு.
* ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 20 எம்.பி-யில் 18 நாள் பதிவு இருக்கிறது என்றால், 180 நாளுக்குப் பத்து மடங்கு, அதாவது 200 எம்.பி வேண்டும். எனவே 204800 என்று மாற்றுங்கள். இன்றைய ஹார்டுடிஸ்க்கில் இது ஒரு பொருட்டே இல்லை.
* 'சிஸ்டம்', 'அப்ளிகேஷன்' இரண்டுக்கும் இதையே செய்யுங்கள்.

அதே இடத்தில் கீழே மூன்று ஆப்ஷன்கள் இருக்கும். முதலாவது, நிறைந்தால் பழையதன் மேல் எழுது. இரண்டாவது, நிறைந்தால் அதைத் தனி ஃபைலாக எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. மூன்றாவது, எதையும் அழிக்காதே, நானே அழித்துக்கொள்கிறேன். ஆபீஸுக்கு இரண்டாவது நல்லது. ஆனால் ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் மாதம் ஒரு முறை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவதைத் தொடாதீர்கள். நீங்கள் மறந்துவிட்டால், நிறைந்த பிறகு நடக்கும் எதுவுமே பதிவாகாது.

180 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

நாட்டின் சைபர் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின் கீழ் வந்த அந்த உத்தரவின் முக்கிய அம்சங்கள்:

* கம்ப்யூட்டர் சிஸ்டங்களின் லாக்குகளைத் தொடர்ந்து 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.
* சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.
* கம்ப்யூட்டர் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போகும்படி வைத்திருக்க வேண்டும்.

சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அதுவும் முடிந்துவிட்டது. "நாங்க சின்ன கம்பெனிதானே" என்று அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளில் இருக்கும் யூனிட்டுகள் ஒதுங்க முடியாது. தனிநபர்களின் வீட்டு கம்ப்யூட்டருக்கு இந்த உத்தரவு பொருந்தாது என்று செர்ட்-இன் விளக்கம் அளித்திருக்கிறது.

சட்டம் கேட்பது 180 நாள். விண்டோஸ் தானாகத் தருவது 20 எம்.பி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை, நாம்தான் செட்டிங்கை மாற்றி நிரப்ப வேண்டும்.

நேரம் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பு

பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் பதிவாகும் ஈவென்ட்டுகளிலும் அந்தப் பொய்த் தேதிதான் இருக்கும். சிசிடிவியில் 11 மணி, லாக்கில் 8 மணி என்று இருந்தால் எதை நம்புவது? சின்ன செலவில் மாற்றக்கூடிய பேட்டரி அது. தேதி தவறினால் உடனே மாற்றிவிடுங்கள். செட்டிங்கில் நேரம் தானாகச் சரியாகும் ஆப்ஷனையும் ஆன் செய்து வையுங்கள்.

யாராவது லாக்கையே அழித்துவிட்டால்?

'கிளியர் லாக்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அட்மின் உரிமை உள்ள யாரும் அழுத்தலாம். எல்லாப் பதிவும் போய்விடும். ஆனால் அழித்த அடுத்த கணம், காலியான லாக்கில் முதல் பதிவாக ஒன்று வந்து உட்காரும். செக்யூரிட்டி லாக்கை அழித்தால் 1102. சிஸ்டம் லாக்கை அழித்தால் அங்கே 104. எந்த யூசர், எத்தனை மணிக்கு அழித்தார் என்பது அதில் இருக்கும். கல்லாவைத் துடைத்தவன் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிற மாதிரி.

நீங்களோ, உங்கள் சர்வீஸ் ஆளோ செய்யாத நாளில் 1102 இருந்தால், அதை வைரஸ் எச்சரிக்கையைவிட சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள். ரான்சம்வேர் கும்பல்கள் தடயத்தை மறைக்க லாக்கை அழிப்பது வழக்கம். அதனால்தான் ஒரு காப்பி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

காப்பி எடுக்க, லாக்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்' கொடுத்து, பென் டிரைவிலோ வெளி ஹார்டுடிஸ்க்கிலோ சேமியுங்கள். சேமித்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். சொருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

சம்பவம் நடந்துவிட்டால் என்ன செய்வது?

* முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை ஆஃப் செய்யுங்கள்.
* ஃபார்மேட் அடிக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் வேண்டாம்.
* மூன்று லாக்குகளையும் காப்பி எடுங்கள். முக்கியமான பதிவுகளைப் போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ஆவடியில் 2022 ஜனவரி முதல் தனி போலீஸ் கமிஷனரேட் இயங்குகிறது. உங்கள் பகுதி எந்த கமிஷனரேட்டில் வருகிறது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 1930-க்கு முதலில் அழையுங்கள்.
* நிறுவனமாக இருந்தால் செர்ட்-இன் அமைப்பின் இலவச எண் 1800-11-4949. ஆறு மணி நேரக் கணக்கை மறக்க வேண்டாம்.

விஷயம் கோர்ட்டுக்குப் போனால், வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாமல் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, எலக்ட்ரானிக் பதிவைச் சமர்ப்பிக்கும்போது சான்றிதழும் தர வேண்டும். அதில் ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பும் கேட்கப்படும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அதனால் எடுத்த காப்பியைத் திறந்து திருத்தாமல் அப்படியே போலீஸிடமோ, வக்கீலிடமோ கொடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது... 10 நிமிஷம் போதும்

1. மூன்று லாக்குகளின் கடைசித் தேதியைப் பாருங்கள்.
2. 180 நாளுக்கு ஏற்ப அளவைப் பெரிதாக்குங்கள்.
3. கடிகாரம் சரியா என்று பாருங்கள்.
4. 1102, 104 ஆகியவற்றை ஃபில்டரில் போட்டுப் பாருங்கள்.
5. மாதம் ஒரு நாள், காப்பி எடுக்க காலண்டரில் குறித்து வையுங்கள்.

பட்டறை முதலாளிக்கு வருவோம். 1074-ல் ஒரு யூசர் பெயர் இருந்தால், அந்த லாகினில் யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள். ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்தினால், பெயர் இருந்தும் ஆளைச் சொல்ல முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு லாகின் கொடுங்கள். 1074 இல்லாமல் 6008-ல் ஞாயிறு அதிகாலை என்று இருந்து, 41-ல் இரண்டு பூஜ்யமும் இருந்தால், சூப்பர்வைசர் சொன்னதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அக்கவுன்டன்ட் மேல் பழி போட வேண்டியதில்லை. ஃபார்மேட் செலவும் மிச்சம்.